65537-க்குப் பிடித்த சனி

ஆயிரத்தைத் தாண்டிவிட்டால் எண்களுக்கு முகம் கிடையாது என்பதைக் கண்டுபிடித்தவன், பிள்ளையார்பாளையம் பரமசிவத்தின் மகன் சிவராஜ். இந்த உண்மையை அவன் கல்லூரி கேன்டீனில், ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு, கையில் பாதி வடையுடன் உலகத்துக்கு அறிவித்தான். அதோடு நிறுத்தவில்லை. காஞ்சிபுரம் மாநகராட்சி எல்லைக்குள் எந்த எண்ணுக்கும் பயப்படாத மனிதப் பிறவி ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது இப்போது வடை தின்றுகொண்டிருக்கிறது என்றும் சொன்னான். சொல்லும்போது சிரிக்கவில்லை. பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிப்பவன் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டுமோ அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தான்.

"சின்ன நம்பருக்கு ஒரு குணம் இருக்குது, ஒத்துக்கறேன்," என்றான். "நூறு வரைக்கும் பழகின மூஞ்சி. ஆயிரத்துக்கு மேல எல்லாம் கல்யாணக் கூட்டம். எவன் பொண்ணு வீடு, எவன் மாப்ள வீடு, எவன் சும்மா சாப்ட வந்தவன்னு யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒண்ணுதான்."

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிம்ரன், டீயை ஊதிக்கொண்டே, "உனுக்குத் தெரியலன்னா அதுங்களுக்கு மூஞ்சி இல்லன்னு அர்த்தமா?" என்றாள்.

சிம்ரன் ஓரிக்கைப் பெண். எலக்ட்ரீஷியன் யேசுதாஸின் மகள். கணிதத் துறை அறிவிப்புப் பலகையின் வலது மூலையில் 'இந்த வார எண்' என்று ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு திங்களும் ஏதாவது ஒரு பெரிய எண்ணை எழுதி, அது பகா எண்ணா, எத்தனை வகுத்திகள், எந்த இரண்டு வர்க்கங்களின் கூட்டல் என்றெல்லாம் விவரம் எழுதுகிறவள் அவள்தான். அதை வாசிக்கிறவர்கள் மொத்தம் மூன்று பேர். நாலாவதாக சிவராஜ். போன வாரம் அந்தக் கட்டத்தின் கீழே அவன் சாக்பீஸால் ஒரு வரி சேர்த்திருந்தான்: 'மேற்படி எண்ணுக்கு மொட்டை எப்போது? காது குத்து எப்போது?'

அவனுடைய நியாயம் இதுதான். இந்த ஊரில் ஒரு எண்ணைக் கையில் வாங்கினால் முதல் வேலையாக அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கிறார்கள். சிம் கார்டு வாங்கினால் கூட்டல். வண்டிக்குப் பதிவு எண் வந்தால் கூட்டல். கூட்டி ஒன்பது வந்தால் சாக்லேட் கொடுக்கிறார்கள், எட்டு வந்தால் எண்ணெய்த் தீபம் போடுகிறார்கள். எட்டு சனி பகவானுடையதாம். ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்து எட்டு மீதி வந்தால், அதன் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் எட்டில்தான் வந்து நிற்கும். அதில் தெய்வச் செயல் ஒன்றுமில்லை. ஆக, இருக்கிற எண்களில் ஒன்பதில் ஒரு பங்கை இந்த ஊர்க்காரர்கள் சனி பகவான் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கவர்ன்மென்ட்டுக்கே அவ்வளவு புறம்போக்கு கிடையாது.

"இந்தக் கூட்டல் வியாதிக்கு நான் ஒருத்தன்தான் மருந்து," என்று சொல்லி மீதி வடையை முடித்தான்.

மறுநாளே மருந்து வேலை செய்ய ஒரு வாய்ப்பு வந்தது.

பரமசிவம் பதினெட்டு நாளாக நெய்துகொண்டிருந்த முகூர்த்தப் புடவை அன்று காலை தறியிலிருந்து இறங்கியது. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. முந்தானையில் ஜரிகையால் 'தினகரன் – திரிஷா' என்று மாப்பிள்ளை, பெண் பெயர். பெயருக்கென்று தனியாக அட்டையில் ஓட்டை அடித்துத் தறியில் ஏற்றிய வேலை. மாப்பிள்ளையின் தாய்மாமன் வாலாஜாபாத் வீராசாமி கேட்டுக் கேட்டு நெய்ய வைத்தது. புடவை முடிந்தால் அதை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பட்டையும் ஜரிகையையும் சோதித்து, ஓரத்தில் ஒரு சீட்டு வைத்துத் தைப்பார்கள். சீட்டில் வரிசை எண். அந்த எண் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அசல் காஞ்சிப் பட்டு என்பதற்கு அந்தச் சீட்டுதான் அத்தாட்சி. அதைக் கழற்றினால் புடவை அநாதை.

அடுத்த புடவைக்குப் பாவு நூல் ஏற்ற வேண்டியிருந்ததால் பரமசிவம் மகனை அனுப்பினார். வாசல்வரை வந்த அம்மா காவேரி, "நம்பரைப் பாத்து வாங்குப்பா," என்றாள்.

"பார்க்காம எப்படிம்மா வாங்கறது? கண்ணை மூடிக்கினா?" என்று சிவராஜ் வண்டியைக் கிளப்பினான்.

சங்கத்தின் கவுன்டரில் கலியாணசுந்தரம் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாகச் சீட்டு தைக்கிறவர். புடவையைப் பார்த்தார், எடை போட்டார், ஜரிகையை உரசினார், எல்லாம் சரி. சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"யாருது இது, பரமசிவம் புடவையா? முகூர்த்தமா?"

"ஆமா சார்."

"கூட்டினா எட்டு வருதுபா. பரவால்லியா?"

சிவராஜ் இந்தக் கேள்விக்காகவே மூன்று வருடம் கணிதம் படித்தவன் போல நிமிர்ந்தான். ஒன்பதால் வகுப்பதில் தொடங்கி, பட்டா, புறம்போக்கு வரைக்கும் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு விளக்கம் கொடுத்தான். கலியாணசுந்தரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிச் சீட்டைத் தைத்தார்.

சீட்டு எண் 65537.

ஞாயிற்றுக்கிழமை வீராசாமி மனைவியோடு வந்து இறங்கினார். சிமென்ட் கடை வைத்திருக்கிறவர், எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிற கை. புடவையை விரித்துக் கரையும் உடலும் சேருகிற இடத்தை விரலால் தடவினார். முந்தானைப் பெயரை இரண்டு முறை வாசித்தார். "தினகரன்ல ஒரு எழுத்து விடாம வந்திருக்குது," என்று மெச்சினார். காவேரி காபி கொண்டுவந்து வைத்தாள். வீராசாமி கண்ணாடியைப் போட்டுச் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். உதடு அசைந்தது.

"ஆறும் அஞ்சும் பதினொண்ணு. இன்னொரு அஞ்சு பதினாறு. மூணு, பத்தொம்போது. ஏழு, இருபத்தாறு. ரெண்டும் ஆறும்..."

அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி புடவையைப் பாயில் போட்டார்.

"இன்னா பரமசிவம் இது?"

பரமசிவம் மகனைப் பார்த்தார். காவேரி மகனைப் பார்த்தாள். மகன் வந்தவரைப் பார்த்தான்.

"சார், கட்டிக்கறதுக்கு முன்னாடி சீட்டைக் கத்திரிச்சுடுவாங்க இல்ல?"

"கத்திரிச்சா போய்டுமா? சனி பகவான் இன்னா கம்பெனி லேபிளா?"

"அது வெறும் கணக்கு சார். ஒன்பதால வகுத்தா எட்டு மீதி வருது. அவ்ளோதான்."

"எட்டு வந்தது போதாதுன்னு மீதி வேற வெக்கிதா?" என்றாள் வீராசாமியின் மனைவி, நெஞ்சில் கை வைத்து.

அதற்குப் பிறகு சிவராஜ் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் நிலைமையை ஒரு படி கீழே இறக்கியது. ஒன்பதில் ஒரு பங்கு எண்கள் இப்படித்தான் என்றான். அப்படியானால் மீதி எட்டுப் பங்கில் ஒன்றை வாங்க என்ன கேடு என்று வீராசாமி கேட்டார்.

வீராசாமி எழுந்தார். "வெள்ளிக்கிழமை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வரேன். அப்படியே இங்க வருவேன். வேற நம்பர் இருந்தா புடவை எனுக்கு. இல்லன்னா காந்தி ரோட்ல கடைக்கா பஞ்சம்?"

"அண்ணே, சீட்டை மாத்த முடியாதுண்ணே, கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு," என்று காவேரி கெஞ்சினாள்.

"சீட்டு இல்லாத பட்டும் வேணாம், சீட்டுல சனி இருக்கிற பட்டும் வேணாம்மா. பத்து நாள்ல முகூர்த்தம். நாளைக்கு அந்தப் புள்ளைங்களுக்குள்ள ஒரு சின்னச் சண்டை வந்தாகூட, மாமன்காரன் வாங்கியாந்த புடவைன்னு என் தலையிலதான் வந்து விடியும்."

அவர்கள் போய்விட்டார்கள். புடவை பாயிலேயே கிடந்தது. வேறு யாருக்காவது விற்கலாம் என்றால் முந்தானையில் தினகரனும் திரிஷாவும் ஜரிகையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இன்னொரு தினகரன் இன்னொரு திரிஷாவைக் கட்டிக்கப் போறானான்னு ஊர்ல விசாரிச்சிட்டு வா," என்றாள் காவேரி.

ஊரில் எத்தனை தினகரன்கள், எத்தனை திரிஷாக்கள், அவர்கள் ஒருவரையொருவர் இந்த வைகாசிக்குள் மணக்க வாய்ப்பு எவ்வளவு என்று சிவராஜின் மூளை பாட்டுக்குக் கணக்குப் போட்டது. வந்த விடை அவனுக்கே பிடிக்கவில்லை.

பரமசிவம் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. புதுப் பாவு ஏற்றிய தறியில் போய் உட்கார்ந்தார், குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தார், எறியவில்லை. "உனுக்குப் பயமில்ல, சரி," என்றார். "கட்டிக்கப் போறவங்களுக்கு இருக்குதேப்பா."

"நைனா, நான் பாத்துக்கறேன்," என்றான் சிவராஜ். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பான்.

திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகை அருகே சிம்ரன் புது எண் எழுதிக்கொண்டிருந்தாள். சிவராஜ் பக்கத்தில் போய், ரொம்பத் தற்செயலாக, ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான்.

"சும்மா கேக்கறேன். இந்த மாதிரி ஒரு நம்பர். ஒண்ணும் விசேஷம் இருக்காது இல்ல?"

சிம்ரன் பார்த்தாள். சாக்பீஸ் கையிலேயே நின்றது.

"எங்கடா புடிச்ச இத?"

"ஒரு புடவையில."

"டேய், இது யாருன்னு தெரியுமா உனுக்கு?"

"நம்பருக்கு யாரு என்னன்னு..." என்று ஆரம்பித்தவன், வீட்டுப் பாயில் கிடக்கும் புடவையை நினைத்து வாக்கியத்தை விழுங்கினான். நடந்ததைச் சொன்னான். சிம்ரன் முதலில் சிரித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மீதி எட்டுன்னு அவங்ககிட்டயே சொன்னியா? செத்தடா போ!"

"உதவி பண்றியா, இல்லியா?"

"மொதல்ல இதைத் துடை." அவள் காட்டிய இடத்தில் மொட்டையும் காது குத்தும் இன்னும் இருந்தன. சிவராஜ் அக்கம்பக்கம் பார்த்தான். கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தான். சாக்பீஸ் லேசில் போகவில்லை.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்றைப் பதினாறு முறை இரண்டால் பெருக்கினால் 65536. அதோடு ஒன்று சேர்த்தால் இவர். பகா எண், ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாது. இந்தச் சாதியில், அதாவது இரண்டின் அடுக்கோடு ஒன்று சேர்த்து வருகிற பகா எண்களில், இதுவரை உலகத்துக்குத் தெரிந்தது ஐந்தே ஐந்து பேர்: மூன்று, ஐந்து, பதினேழு, இருநூற்று ஐம்பத்தேழு, இவர். இவர்தான் கடைக்குட்டி. இதற்கப்புறம் இத்தனை கம்ப்யூட்டரை வைத்துத் தேடியும் ஆறாவது பிள்ளை கிடைக்கவில்லை.

"பெர்மான்னு ஒரு பிரெஞ்சுக்கார வக்கீல், இந்த வரிசையில வர்றது எல்லாமே பகா எண்ணுதான்னு அடிச்சு விட்டாரு. அவரு போய் ரொம்ப நாளைக்கு அப்புறம் அடுத்த நம்பரை வகுத்துப் பாத்தாங்க. அறுநூத்தி நாப்பத்தொண்ணால அழகா வகுபட்டுச்சு. அவரும் உன்ன மாதிரி ஒரு ஆளு."

"சரி, சரி. அப்புறம்?"

"ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வெச்சு இத்தனை பக்கம் உள்ள உருவம் வரைய முடியும். ஒரு ஜெர்மன்காரரு அதை எப்படி வரையறதுன்னு பத்து வருஷம் எழுதி, ஒரு பெட்டி நிறைய பேப்பர் வெச்சிட்டுப் போயிட்டாரு. அதுவும் இல்லாம, நெட்ல ரகசியமா ஒண்ணு அனுப்பணும்னா பூட்டு போடறாங்க இல்ல? அந்தப் பூட்டுக் கணக்குல நிறைய இடத்துல இவர்தான் நிக்கிறாரு."

சிவராஜ் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். ஐந்து இலக்கம். அதே ஐந்து இலக்கம்தான். ஆனால் கல்யாணக் கூட்டத்தில் சும்மா சாப்பிட வந்தவன் என்று நினைத்து இலை போடாமல் விட்டவர், கலெக்டர் என்று தெரியவந்த மாதிரி இருந்தது.

"வாலாஜாபாத் சிமென்ட் கடைக்காரருக்கு இதெல்லாம் வேலைக்கு ஆவுமா?" என்றான்.

"ஜெர்மன்காரர் கதை ஆவாது. அவருக்குத் தெரிஞ்சதுல இருந்து ஆரம்பி."

"அவருக்குத் தெரிஞ்சது இன்னா? சிமென்ட்டு."

"கல்யாணம்டா, மடையா."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வீராசாமியும் மனைவியும் நெற்றியில் கோயில் குங்குமத்தோடு வந்தார்கள். சீட்டு மாறவில்லை என்று தெரிந்ததும் வாசலிலேயே திரும்பப் போனார்கள். சிவராஜ் குறுக்கே போய் நின்றான்.

"சார், ஒரே ஒரு கேள்வி. கல்யாணத்துல மொய் எழுதினா நூறா எழுதுவீங்க?"

"நூத்தியொண்ணு. எவனாவது நூறு எழுதுவானா?"

"ஏன் அந்த ஒண்ணு?"

வீராசாமி யோசித்தார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. "முழுசா வெச்சா பாதிப் பாதியாப் பிரிச்சிடலாமே. ஒண்ணு சேத்துட்டா பிரியாது. அதுக்குத்தான்."

"அம்மா, போனைக் கொஞ்சம் எடுங்க."

அவளை 65536 என்று கால்குலேட்டரில் போடச் சொன்னான். இரண்டால் வகுக்கச் சொன்னான். 32768. இன்னொரு தடவை. 16384. இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் சுத்தமாக இரண்டாகப் பிளந்தது. ஒரு புள்ளிகூட வரவில்லை. பதினாறாவது முறை திரையில் ஒற்றை ஒன்று நின்றது.

"பாத்தீங்களா? எவ்ளோ பெரிய நம்பரு. பிரிக்கப் பிரிக்கப் பிரிஞ்சுக்கினே போயி, கடைசில அனாதையா ஒண்ணு. இதுதான் நம்ம சீட்டுக்கு முன்னாடி சீட்டு. கூட்டினா ஏழு. எல்லாரும் சந்தோஷமா வாங்குவாங்க."

"அதை யாரு வாங்கினாங்க?"

"தெரியலம்மா."

"பாவம்," என்றாள் அவள்.

"நம்ம சீட்டு அதுமேல ஒரே ஒரு ஒண்ணு. மொய்க்கு வெக்கிற அதே ஒண்ணு. நூத்தியொண்ணு மாதிரி இதையும் பாதியா பிரிக்க முடியாது. பாதியா மட்டும் இல்ல, எதாலயும் முடியாது. நீங்களே பாருங்க." அவன் ஒரு பட்டியலை நீட்டினான். சிம்ரன் கையெழுத்து. இரண்டில் தொடங்கி இருநூற்று ஐம்பத்தொன்று வரை, ஐம்பத்து நான்கு பகா எண்கள். "இதுல எதாலயும் பிரியலன்னா, உலகத்துல எதாலயும் பிரியாது சார். அதுக்கு மேல பாக்க வேண்டியதில்ல."

வீராசாமி தட்டிப் பார்க்காமல் எதையும் வாங்காதவர். பாயில் உட்கார்ந்து போனை எடுத்தார். மூன்றால் வகுத்தார், புள்ளி வந்தது. ஏழால் வகுத்தார், புள்ளிக்குப் பின்னால் வால் மாதிரி நீண்டது. பதின்மூன்று. பதினேழு. அவர் மனைவி பட்டியலின் கீழ்ப் பாதியை எடுத்துக்கொண்டாள். காவேரி தன் போனை எடுத்தாள். பக்கத்து வீட்டு முத்துக்குமார் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "எழுபத்தொண்ணு போட்டீங்களா? நான் போடறேன்," என்று கலந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் ஆளாளுக்கு ஒரு எண்ணை வைத்துத் தினகரனையும் திரிஷாவையும் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளி!"

"இங்கயும் புள்ளி!"

"எழுபத்தொண்ணுல தொள்ளாயிரத்து இருபத்திமூணு வந்து... ச்சே, புள்ளி!"

வீராசாமி பட்டியலில் இல்லாத தன் கடைக் கதவு எண்ணைப் போட்டுப் பார்த்தார். தன் மாமியார் வீட்டுக் கதவு எண்ணையும் போட்டுப் பார்த்தார். அதனால்கூடப் பிரியவில்லை என்பது அவரை அசைத்தது. கடைசியாக அவர் மனைவி இருநூற்று ஐம்பத்தொன்றைப் போட்டு, "இருநூத்தி அறுபத்தொண்ணு, புள்ளி ஒண்ணு," என்று போனைக் கீழே வைத்தாள்.

"கெட்டியான நம்பர்தான்," என்றார் வீராசாமி. பரமசிவத்தின் முகத்தில் லேசாக ரத்தம் ஓடியது. "ஆனா எட்டு எட்டுதானே?"

ரத்தம் திரும்பிப் போனது.

இந்த இடத்தில்தான் சிவராஜுக்கு அது நடந்தது. அவன் வாயைத் திறந்தபோது கணிதம் பேசப் போவதாகத்தான் நினைத்தான்.

"சார், எட்டு வர்றது நாம பத்துப் பத்தா எண்ணறதால. நமக்குப் பத்து வெரல். கம்ப்யூட்டர் ரெண்டு ரெண்டாத்தான் எண்ணும். உங்க பேங்க்கு, ஆதாரு எல்லாம் அந்த எண்ணிக்கைதான். அதுல இந்த நம்பரை எழுதினா ஒரு ஒண்ணு, அப்புறம் பதினஞ்சு சைபர், கடைசியில இன்னொரு ஒண்ணு. கூட்டுங்க."

"ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு."

"ரெண்டுக்கு யாரு அதிபதி சார்? சந்திரன். குளிர்ச்சி. முகூர்த்தப் புடவைக்கு அதைவிட இன்னா வேணும்?"

சொன்ன பிறகுதான் யார் சொன்னது என்று அவனுக்குத் தெரிந்தது. காவேரி மகனை வாயைப் பிளந்து பார்த்தாள். ரெண்டுக்குச் சந்திரன் அதிபதி என்பதை எங்கே, எப்போது தெரிந்துகொண்டான் என்று அவனுக்கே விளங்கவில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் இருக்கும் போல.

வீராசாமி சீட்டின் பின்புறத்தில் விரலால் எழுதிப் பார்த்தார். "இந்த முனையில ஒண்ணு மாப்ள. அந்த முனையில ஒண்ணு பொண்ணு."

"ஆமா சார்."

"நடுவுல பதினஞ்சு சைபரு. அது யாரு?"

இதற்கு சிவராஜ் தயாராக வரவில்லை. சிம்ரனும் எழுதிக் கொடுக்கவில்லை.

"சொந்தக்காரங்க சார்," என்றான்.

முதலில் சிரித்தது வீராசாமியின் மனைவி. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். "பதினஞ்சுதானாம்! உங்க வகையில மட்டும் முப்பது சைபர் தேறும்!" என்றாள் புருஷனிடம். வீராசாமி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார், பிறகு தோல்வியடைந்து அவரும் சிரித்தார்.

"புடவையை மடிம்மா," என்றார் காவேரியிடம்.

பைக்குள் புடவை போனதும் வாசலில் நின்று பரமசிவத்திடம் சொன்னார்: "ஆவணியில எம் பொண்ணு காவேரிக்கு, உன் சம்சாரம் பேருதான், கல்யாணம். அதுக்கும் நீதான் நெய்யணும். மாம்பழ மஞ்சள்." சிவராஜ் பக்கம் திரும்பினார். "ஆனா தம்பி, அதுக்கு வெளக்கம் எல்லாம் வேணாம். இன்னொரு தடவை அம்பத்திநாலு வாட்டி வகுக்க என்னால ஆவாது."

திங்கட்கிழமை 'இந்த வார எண்' கட்டத்தில் 65537 வந்தது. சிவராஜ் அதைப் படித்தான். கீழே எதுவும் எழுதவில்லை.

ஆடி கடைசியில் மாம்பழ மஞ்சள் தறியிலிருந்து இறங்கியது. பரமசிவம் அதைத் துணியில் சுற்றி மகனிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. காவேரியும் சொல்லவில்லை. இரண்டு பேரும் எதையும் சொல்லாமல் இருந்ததே வழி முழுக்க அவனோடு பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

சங்கத்தில் வரிசை நீளமாக இருந்தது. நகர்ந்து நகர்ந்து, அவனுக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி. கலியாணசுந்தரம் அவர் புடவைக்குச் சீட்டைத் தைத்து, பழக்க தோஷத்தில் எண்ணை உரக்கப் படித்து நோட்டில் எழுதினார்.

"அறுபத்தாறாயிரத்து நூத்தி நாப்பத்தெட்டு."

அப்படியானால் அடுத்தது 66149.

சிவராஜ் அதைக் கூட்டவில்லை. அது பகா எண்ணா என்று பார்க்கலாம் என்றுதான் நினைத்தான். ஏழால் வகுத்தால் ஆறு மீதி. பதின்மூன்றுக்கும் பிடிகொடுக்கவில்லை. இதற்கும் ஒரு முகம் இருக்கலாம். பெட்டி நிறையக் காகிதம் எழுதி வைத்த ஜெர்மன்காரர் இருக்கலாம். ஆனால் இந்த எண்ணுக்கு ஐம்பத்தைந்து முறை வகுத்துப் பார்க்க வேண்டும், வீராசாமியோ இன்னொரு தடவை ஆவாது என்று சொல்லியிருக்கிறார். ஆறும் ஆறும் பன்னிரண்டு. ஒன்று, பதின்மூன்று. நாலு, பதினேழு. ஒன்பது.

இருபத்தாறு.

"அடுத்து," என்றார் கலியாணசுந்தரம்.

சிவராஜ் திரும்பினான். பின்னால் இளங்கோவன் என்கிற நெசவாளி, கக்கத்தில் புடவையோடு நின்றிருந்தார்.

"அண்ணா, நீங்க முன்னாடி போங்கண்ணா. எனுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

இளங்கோவன் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. "பரவால்ல தம்பி. வயசுப் புள்ள, காலேஜுக்குப் போவணும். நீயே போ."

"இல்லண்ணா, பெரியவங்க நீங்க."

"எனுக்குப் பின்னால இருக்கிறவரு வேணா போவட்டும்."

பின்னால் இருந்தவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. அவருக்குப் பின்னால் இருந்தவர் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் உபயோக முறையை வாசிக்க ஆரம்பித்தார்.

கலியாணசுந்தரம் சீட்டைக் கையில் பிடித்தபடி, கண்ணாடிக்கு மேலாக சிவராஜைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிவராஜும் ஒன்றும் விளக்கவில்லை. வரிசையிலிருந்து அரை அடி ஒதுங்கி, புடவையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து, நன்றாகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து, ரொம்ப நிதானமாக மறுபடியும் கட்டத் தொடங்கினான்.